என்ஜினை இறக்காமல் கியர்பாக்ஸ் மாற்றலாமா?

கேள்வி: என் 1968 டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3-இல் இரண்டாம் கியர் கரகரக்கிறது. வேறு கியர்பாக்ஸ் வாங்கிவிட்டேன். என்ஜினையும் இறக்க வேண்டுமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம். இந்தக் காரில் சீட்டுகளையும் கியர்பாக்ஸை மூடியிருக்கும் நடு டனல் மூடியையும் கழற்றினால் கியர்பாக்ஸ் உள்பக்கமாகவே வந்துவிடும். முதலில் பேட்டரி இணைப்பை எடுங்கள். சம்ப்புக்கு (என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) அடியில் பலகை வைத்து ஜாக் கொடுத்த பிறகே பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸை என்ஜினோடு சேர்க்கும் மணி வடிவக் கூடு) நட்டுகளைத் தொடுங்கள். நம்மூர்க் கடற்காற்றுக்கு அவை இறுகியிருக்கும். முந்தின இரவே துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள்.

மாட்டும்போதுதான் கவனம். கியர்பாக்ஸின் எடை இன்புட் ஷாஃப்டில் (கிளட்ச் பிளேட்டுக்குள் நுழையும் கியர்பாக்ஸ் தண்டு) தொங்கவே கூடாது. தொங்கினால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். அப்புறம் கிளட்ச் சரியாக விடாது, மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நட்டை முறுக்கி, கியர்பாக்ஸை என்ஜினோடு இழுத்தும் சேர்க்காதீர்கள். கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் (கிளட்சை விடுவிக்கும் பேரிங்), ஸ்பிகாட் புஷ் (இன்புட் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் புஷ்) மூன்றும் புதிதாகவே போடுங்கள்.

கியர்பாக்ஸுக்கு எண்ணெய் ஜிஎல்-4 தரம்தான். ஜிஎல்-5 சிங்க்ரோ வளையங்களை (கியர் மாற்றும்போது வேகங்களை ஒன்றாக்கும் வளையங்கள்) அரிக்கக்கூடும். முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை. வண்டி நின்றபின் போடுங்கள்.