இயங்குதளத்தின் மையமான கர்னலில், சீரான இடைவெளியில் டிக் தரும் 8254 டைமர் சிப்பைத் தொடங்கும் நிரலை (கோட்) ரிவ்யூ செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வரிசையைப் பாருங்கள். எக்ஸ்86 ப்ராசசரில், மெஷினைத் துவக்கும் பயாஸ் விட்டுப்போன நிலையில், டைமர் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் சிக்னல்) வெக்டர் 8-இல், அதாவது ஹேண்ட்லர்களின் (இன்டரப்ட்டைக் கவனிக்கும் நிரல்கள்) பட்டியலில் 8-ஆம் எண்ணில், வந்து விழும். கர்னல் ஓடும் புரொடெக்டட் மோடில் அது டபுள் ஃபால்ட்டின் (ஒரு பிழையைக் கையாளப் போகும்போதே வரும் இன்னொரு பிழை) இடம். பிஐசி-யை (இன்டரப்ட்களை ப்ராசசருக்கு அனுப்பும் கன்ட்ரோலர்) வேறு வெக்டர் எண்களுக்கு ரீமேப் செய்து, ஹேண்ட்லரையும் பதிந்த பிறகுதான் இன்டரப்ட்டைத் திறக்க வேண்டும். இது முன்பின்னாக இருந்தால் மெஷின் காரணம் சொல்லாமல் ரீபூட் ஆகும்.

அப்புறம் டிவைசர், அதாவது உள்ளீட்டுக் கடிகாரத்தை வகுத்து டிக் வேகத்தைத் தீர்மானிக்கும் எண். பிழைகள் அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான். சிப்பின் உள்ளீட்டுக் கடிகாரம் விநாடிக்கு 1193182 துடிப்பு. 1000 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் டிவைசர் 1193. மீதி 182 காணாமல் போகிறது. ஒவ்வொரு டிக்கையும் சரியாக ஒரு மில்லிசெகண்ட் என்று கோட் எண்ணினால், கடிகாரம் நாளுக்குச் சுமார் 13 விநாடி முந்தி ஓடும். இதற்குத் திருத்தம் எங்கே என்று கேளுங்கள்.

டிவைசர் 16 பிட்தான். யாராவது 10 ஹெர்ட்ஸ் கேட்டால் 119318 வரும்; அது 16 பிட்டில் அடங்காது. மேல் பிட்கள் வெட்டுப்பட்டு 53782 மட்டும் உள்ளே போகும். டைமர் 22 ஹெர்ட்ஸில் ஓடும், எந்த எர்ரரும் வராது. எல்லையைச் சோதிக்கும் ஒரு வரி இல்லாவிட்டால் நான் அந்த பேட்ச்சை (நிரல் மாற்றத்தை) ஏற்கமாட்டேன்.

டிவைசரின் கீழ் பைட், மேல் பைட் இரண்டும் ஒரே போர்ட்டில் (சிப்போடு பேசும் முகவரி) அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. நடுவே இன்டரப்ட் ஹேண்ட்லர் புகுந்து அதே போர்ட்டைத் தொட்டால் கணக்கு குழம்பிவிடும். அந்த இரண்டு வரிக்கும் இன்டரப்ட் மூடியிருக்கிறதா பாருங்கள். கமென்ட், பெயரிடல் எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.