கடல் இல்லாத ஊரிலிருந்து அலைச்சறுக்கு: கேள்வி பதில்

கிருஷ்ணகிரியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பலகைமேல் நின்று கடல் அலையில் சறுக்கும் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பழகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சென்ற பொங்கல் விடுமுறையில் இலங்கையின் தென்கரையில், ஆளில்லாத ஒரு பாறைத்திட்டில் நண்பனோடு நாள் முழுக்க அலையேறிவிட்டு வந்தேன். அதைச் சொன்னதும் கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நம் இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன.

காவேரிப்பட்டினம் நண்பர்: எருது விடும் விழாவை விட்டுவிட்டு இலங்கை வரை போக வேண்டுமா? சென்னைக்குப் பக்கத்துக் கோவளம் போதாதா?

விழாவை விட்டதற்கு வீட்டில் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டேன். கோவளத்தைத் தவிர்த்ததற்குக் காரணம் காற்று. மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வீசுகிறது. நம் கரைக்கு அது கடலிலிருந்து வருகிற காற்று. அலையை முதுகில் அறைந்து கலைத்துவிடும். அதே காற்று இலங்கையின் தென்மேற்குக் கரையில் தரையிலிருந்து கடலை நோக்கிப் போகிறது. வருகிற அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்திப் பிடிக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே பருவம். நமக்குத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம்தான் நல்லது. 2023-இல் மாமல்லபுரத்தில் சர்வதேசப் போட்டியை ஆகஸ்டில் வைத்தது சும்மா அல்ல.

பாலக்கோடு நண்பர்: அலை என்றால் அலைதானே? பாறைமேல் உடைந்தால் என்ன, மணலில் உடைந்தால் என்ன?

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டுகிறேன். நாங்கள் ஏறிய அலை இலங்கையில் பிறந்ததே அல்ல. நாற்பது டிகிரி தென் அட்சத்துக்கும் கீழே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் புயல் அடிக்கிறது. அது கிளப்பிய அலை அங்கிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து வருகிறது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் 14 விநாடி இடைவெளி இருந்தால், அலைக்கூட்டத்தின் வேகம் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். நம் டவுன் பஸ்ஸின் வேகம். ஐந்தாறு நாள் பயணம்.

வழியெல்லாம் ஆழம், தடுக்க ஒன்றும் இல்லை. கரைக்கு அருகே திடீரென்று பவளப்பாறை குறுக்கே வருகிறது. தண்ணீரின் ஆழம் அலை உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்குக்கு வரும்போது அலை தடுக்கி விழும். மணல் கரையில் இந்த இடம் வாரத்துக்கு வாரம் மாறும், ஏனென்றால் மணல் நகர்கிறது. பாறை நகராது. அதனால் நேற்று எங்கே உடைந்ததோ, இன்றும் அங்கேயே, அதே வளைவில் உடையும். கரையில் ஒரு தென்னையையும் ஒரு மஞ்சள் சுவரையும் ஒரே கோட்டில் பார்த்து உட்கார்ந்தால் போதும். அலை நம்மைத் தேடி வரும். பாறைக்குப் பக்கத்தில் ஆழமான வழி ஒன்று இருக்கும். அங்கே அலை உடைவதில்லை. அதன் வழியாகக் கையால் துழாவிப் போனால் தலைகூட நனையாமல் வெளியே போய்விடலாம்.

மன்னார் வளைகுடா மீனவர்கள் இத்தகைய கடலடித் திட்டைப் ‘பார்’ என்பார்கள். டாஸ்மாக் பார் அல்ல.

ஓசூர் நண்பர்: தை மாதக் குளிரில் விடியற்காலையில் கடலிலா?

உங்கள் ஊரில் ஜெர்கின் இல்லாமல் பால் வாங்கப் போக முடியாது. அங்கே கடல் நீர் 27, 28 டிகிரி. நெஞ்சு உரசாமலிருக்க ஒரு மெல்லிய பனியன் போதும். வெயில்தான் எதிரி.

பென்னாகரம் நண்பர்: ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுகிறேன். நீச்சலும் தெரியும். நேராகப் பாறை அலைக்கு வரலாமா?

அண்ணா, உங்களுக்குத் தண்ணீரைப் படிக்கத் தெரியும். அது பாதிப் படிப்பு. எங்கே சுழல், எங்கே அடியில் கல் என்று மேல்பரப்பைப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். எனக்கு அது வர நான்கு ஆண்டு பிடித்தது. ஆனால் ஒன்று தலைகீழ். ஆற்றில் பாறையருகே எழும் அலை நின்ற இடத்தில் நிற்கும், தண்ணீர் ஓடும். கடலில் அலை ஓடும், தண்ணீர் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். இதைக் கால் பழகவே ஒரு பருவம் ஆகும். அதைக் கோவளத்து மணலில், ஒன்பதடி நுரைப் பலகையில் பழகுங்கள். விழுந்தால் மணல் மன்னிக்கும்.

ஊத்தங்கரை நண்பர்: அடி ஏதும் படவில்லையா?

பட்டது, என் முட்டாள்தனத்தால். அலையிலிருந்து விழுந்தால் தட்டையாக விழ வேண்டும், தலையைக் கையால் மறைக்க வேண்டும், காலை ஊன்றவே கூடாது. எல்லாம் தெரியும். இடுப்பளவு நீர்தானே என்று எழுந்து நின்றுவிட்டேன். வலது குதிகாலில் பூனை பிறாண்டியது போல நான்கு கோடு. சிறிய காயம்தான், ஆனால் பவளத் துகள் உள்ளே தங்கினால் சீழ் வைக்கும். நண்பன் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, சாமணத்தால் ஒவ்வொரு துகளாக எடுத்தான். எலுமிச்சையைத் தேய் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கடையில் செருப்பின் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே நடந்தேன். நம் கால் பட்டால் பவளமும் சாகும் என்பது தனிக்கதை.

அரூர் நண்பர்: இடத்தின் பெயர்?

காலிக்கும் மாத்தறைக்கும் இடையில். அதற்கு மேல் என் வாயைப் பிடுங்க வேண்டாம்.

தர்மபுரி நண்பர்: 2024 ஒலிம்பிக்கில் காட்டினார்களே, அதே மாதிரி அலையா?

அது டஹீட்டித் தீவின் தெயாஹூபோ; அதுவும் பவளப்பாறை அலைதான். போட்டி பாரிஸுக்கு, அலை பசிபிக்கில். எங்களுடையது நெஞ்சளவு, மூன்று முறை தலையளவு. அந்த மூன்றில் ஒன்றை நான் விட்டுவிட்டேன், பயந்து.

தேன்கனிக்கோட்டை நண்பர்: ஆளில்லாத இடம் என்றால் தனியாகவே போகலாமே, நண்பன் எதற்கு?

முதலில், பலகையைக் காலோடு கட்டியிருக்கும் கயிறு பாறையில் சிக்கினால் அவிழ்க்க ஒருவர் வேண்டும். அப்புறம், பொதுவாக ஓர் அலையில் ஒருவர்தான். உடைகிற முனைக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அவருக்கே உரிமை. கூட்டமான இடத்தில் இதற்குச் சண்டை நடக்கும். அன்றைக்கு எங்களுக்குள் நடந்தது வேறு சண்டை: “நீ போ”, “இல்லை, நீ போ” என்று சொல்லிக்கொண்டிருந்ததில் இரண்டு நல்ல அலைகள் யாரும் ஏறாமல் போய்விட்டன. பதினோரு மணிக்கு நீர் வற்றி, பாறையின் பழுப்பு முதுகு தெரிந்ததும் கரையேறினோம். அவன் இடியாப்பம் வாங்கி வந்தான். நான்கு மணிக்கு நீர் ஏறியது. மறுபடி இறங்கினோம், இருட்டும் வரை.

கிருஷ்ணகிரி நண்பர்: பலகையை இங்கிருந்தே கொண்டு போனீர்களா?

இல்லை, அங்கேயே வாடகைக்கு. என் சொந்தப் பலகையை ஒருமுறை சென்னையிலிருந்து பஸ்ஸில் கொண்டு வந்தபோது, துணி சுற்றியிருந்ததைப் பார்த்து, “உள்ளே யார்?” என்றார் கண்டக்டர். விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு லக்கேஜ் டிக்கெட் போட்டார்.