பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறும் பறவைக் கையேடு

கேள்வி: புதிதாக ஒரு பறவைக் கையேடு வாங்கினேன். நண்பரிடம் இருப்பதும் அதே பதிப்புதான், ஆனால் என் பிரதியில் சில பக்கங்களில் மட்டும் சிவப்பு ஏறிப்போய், சாம்பல் நிறக் கள்ளிப்புறாகூட இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. இது போலியா? மாற்றித் தரச் சொல்லலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: தாராளமாகக் கேட்கலாம். போலியாக இருக்க வாய்ப்பு குறைவு. எல்லாப் பக்கமும் மங்கி, எழுத்தின் ஓரம் பிசிறடித்து, படத்தில் வலைபோல் கோடுகள் தெரிந்தால்தான் ஸ்கேன் செய்து அடித்த புத்தகமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆஃப்செட் அச்சில் பெரும்பாலும் ஒரு பெரிய தாளில் முன்புறம் 8 பக்கம், பின்புறம் 8 பக்கம் அடித்து, மடித்து, 16 பக்க ஃபாரமாக்குகிறார்கள். முதல் ஃபாரம் என்றால் 1, 4, 5, 8, 9, 12, 13, 16 ஒரு புறம், மீதி மறுபுறம். ஆகவே எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சிவந்து, புரட்டினால் அடுத்த இரண்டும் சரியாக இருந்தால், அந்தப் புறம் ஓடும்போது மெஜந்தா என்ற சிவப்பு மை கூடியிருக்கிறது. மெஷின் ஓடத் தொடங்கி நிறம் நிலைக்கும்வரை வரும் தாள்களை வேஸ்டில் போட வேண்டும், அதையும் சேர்த்துத் தைத்துவிட்டால் ஒரே பதிப்பில் உங்கள் பிரதி ஒரு மாதிரி, நண்பருடையது வேறு மாதிரி ஆகிவிடும்.

இதில் முதலில் அடிபடுவது சாம்பலும் பழுப்பும்தான். மாங்குயிலின் மஞ்சள் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது மாங்குயில்தான், ஆனால் சாம்பல் நிறம் பல மைகள் சரியான அளவில் சேர்ந்து வருவது, ஒன்று மிஞ்சினாலும் சாய்ந்துவிடும். கள்ளிப்புறா, ஆண் தவிட்டுப்புறா இரண்டுக்கும் கழுத்தில் கருப்புப் பட்டை உண்டு, தவிட்டுப்புறாவின் உடல்தான் செந்நிறம். உங்கள் பக்கத்தை நம்பினால் இரண்டும் ஒன்றாகிவிடும்! நாவலில் மை மங்கினாலும் கதை புரியும், இங்கே நிறமே தகவல், அது தப்பினால் புத்தகமே தப்பு. 'லேசான வித்தியாசம்தானே' என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நண்பரின் பிரதியையும் எடுத்துப்போய் அந்தப் பக்கங்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள், கடையில் முடியாவிட்டால் பக்க எண்களோடு பதிப்பகத்துக்கு எழுதுங்கள். மாற்றுப் பிரதியையும் அங்கேயே பிரித்துப் பாருங்கள், அதே கட்டில் வந்ததாக இருந்தால் அதே குறை இருக்கலாம். அதுவரை புறாக்களை அளவை வைத்துப் பிரியுங்கள்: கள்ளிப்புறா சுமார் 32 செ.மீ., தவிட்டுப்புறா சுமார் 23 செ.மீ., வாலும் குட்டை.