எரிந்துபோகும் பூமிக்கு எதற்குத் தண்ணீர்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்தோத்திரம். சென்ற ஆண்டு எங்கள் சபையில் சுற்றுச்சூழல் ஞாயிறு கொண்டாடி, ஆராதனை முடிந்ததும் வளாகத்தைச் சுற்றி ஐம்பது மரக்கன்றுகள் நட்டோம். இன்று எட்டுதான் உயிரோடு இருக்கின்றன. இந்த ஆண்டும் நடலாம் என்று வாலிபர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது மூப்பர் ஒருவர், “பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம் என்று பேதுரு எழுதியிருக்கிறார். அழியப்போவதற்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் ஆத்துமாக்களைத் தேடுங்கள்” என்றார். ஜெபிக்கிற மனிதர் அவர். எதிர்த்துப் பேச மனம் வரவில்லை, ஏற்கவும் முடியவில்லை. வேதம் என்னதான் சொல்கிறது? ஒரு சபையாக நாங்கள் எங்கே தொடங்குவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூப்பர் காட்டிய வசனத்திலேயே தொடங்கலாம். 2 பேதுரு 3:10-ஐத் தனியாக வாசித்தால் அவர் சொல்வதுபோலத்தான் தோன்றும். நான்கு வசனம் மேலே போங்கள். “அப்பொழுது இருந்த உலகம் ஜலப்பிரளயத்தினாலே அழிந்தது” என்கிறார் அதே பேதுரு. அழிந்ததாக அவர் சொல்லும் அந்த உலகத்தின் மண்ணில்தான் நோவா இறங்கினார், பலிபீடம் கட்டினார், திராட்சத்தோட்டம் நாட்டினார். நியாயத்தீர்ப்பு நிச்சயம் என்று கர்த்தர் வாயாலேயே கேட்டவர் அவர். அப்படிக் கேட்டவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, மிருகங்களையும் பறவைகளையும் ஊரும் பிராணிகளையும் உயிரோடே காத்து, அவற்றுக்குத் தீனியும் சேர்த்துவைப்பது. பிரளயத்துக்குப் பின் செய்யப்பட்ட உடன்படிக்கையிலும் (ஆதியாகமம் 9) பேழையிலிருந்து வந்த எல்லா உயிர்களும் ஒரு தரப்பாக நிற்கின்றன.

இன்னொன்றையும் மூப்பரிடம் பணிவோடு கேட்கலாம். நம் சரீரமும்தான் மண்ணுக்குப் போகிறது. அதற்காக எந்தச் சபையாவது நோயாளியைப் பார்க்கப் போவதை நிறுத்தியிருக்கிறதா? வெளிப்படுத்தின விசேஷம் 11:18, நியாயத்தீர்ப்பில் கெடுக்கப்படுகிறவர்கள் யார் என்று சொல்லும்போது “பூமியைக் கெடுத்தவர்களை” என்று பெயர் சொல்லியே சொல்கிறது. முடிவு நெருங்குகிறது என்று நம்புகிறவர்களுக்கு இந்த வசனம் கூடுதலாக உறுத்தவேண்டும்.

“ஆண்டுகொள்ளுங்கள்” என்ற ஆதியாகமம் 1:28-ஐயும் சிலர் எடுத்துவருவார்கள். ஆளுகிறவன் எப்படி ஆளவேண்டும் என்று உபாகமம் 17-ல் எழுதியிருக்கிறது: ராஜா தனக்குக் குதிரைகளை அதிகமாக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கக்கூடாது, தன் சகோதரர்மேல் மேட்டிமை கொள்ளக்கூடாது. எசேக்கியேல் 34:18-ல் நல்ல மேய்ச்சலை மேய்ந்துவிட்டு மீதியைக் காலால் மிதிக்கிற, தெளிந்த தண்ணீரைக் குடித்துவிட்டு மீதியைக் குழப்புகிற கொழுத்த ஆடுகளைக் கர்த்தர் கண்டிக்கிறார். மேய்ந்ததும் குடித்ததும் அங்கே குற்றமில்லை, அடுத்தவனுக்கு மிஞ்சியதைக் கெடுத்ததுதான் குற்றம்.

நிலத்தைப் பற்றிய நியாயப்பிரமாணக் கட்டளைகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அநேகமாக எல்லாமே கையை நிறுத்தச் சொல்பவை. ஏழாம் வருஷம் நிலத்தை உழாமல் விடு. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே. கூட்டில் குஞ்சை எடுத்தால் தாயைப் போகவிடு. பட்டணத்தை முற்றுகையிடும்போதும் கனிதரும் மரத்தில் கோடரி வைக்காதே. யுத்தத்தில்கூட விலக்கு இல்லை என்பது சாதாரண விஷயமல்ல. இவற்றை மீறியதற்குக் கணக்கும் இருந்தது. நிலம் தனக்கு மறுக்கப்பட்ட ஓய்வுகளை அனுபவித்துத் தீரும்வரை எழுபது வருஷம் பாழாய்க் கிடந்தது என்று 2 நாளாகமம் 36:21 முடிக்கிறது.

ஆகவே எங்கே தொடங்குவது என்ற கேள்விக்கு என் பதில்: நடுவதற்கு முன்னால், எதை நிறுத்துவது என்று பாருங்கள். இதற்கு விழா வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாவற்றையும் அணைத்தபின் மின்மீட்டரைக் குறித்துவையுங்கள். அடுத்த கூட்டத்துக்குத் திறக்கும்போது மறுபடி குறியுங்கள். பூட்டிய ஆலயத்தில் மீட்டர் ஓடியிருந்தால் ஆம்ப்ளிஃபயர், குளிர்சாதனப் பெட்டி, தானியங்கி மோட்டார் என்று ஏதோ ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. 100 வாட் சும்மா ஓடினால் வாரத்துக்கு 168 மணி நேரத்தில் 16.8 யூனிட். 75 வாட் மின்விசிறி முப்பதை மூன்று மணி நேரம் ஓடவிட்டால் 6.75 யூனிட்தான். சபையார் வியர்வையில் உட்காரவேண்டிய அவசியமே இல்லை, ஆளில்லாத நாட்களில்தான் விரயம் நடக்கிறது. குழாய்களையும் பாருங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்குச் சுமார் 15 முதல் 20 லிட்டர். ஐயாயிரம் பேரைப் போஷித்தபின் “ஒன்றும் சேதமாய்ப் போகாதபடிக்கு மீதியான துணிக்கைகளைச் சேர்த்துவையுங்கள்” என்றவரின் வீட்டில் இது தகாது.

அலங்காரத்தில் இரண்டை நிறுத்தினாலே பெரிய காரியம். பூச்செண்டு செருகும் பச்சை நுரை ஒரு பிளாஸ்டிக். அது மக்காது, நுண்துகளாக உதிர்ந்து மண்ணிலும் நீரிலும் கலக்கும். அதற்குப் பதில் பாத்திரத்துக்குள் கம்பிவலையைச் சுருட்டி வைத்தால் பூ நிற்கும், வலையும் பல வருஷம் வரும். இன்னொன்று ஃப்ளெக்ஸ் பேனர். அது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். பண்டிகை முடிந்து குப்பையோடு எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் வெளிவரும். தேதி போடாத ஒரு துணிப் பதாகையை ஆண்டுதோறும் பயன்படுத்தலாம்.

இனி உங்கள் கன்றுகள். நட்ட அன்று ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். மறுவாரம் தண்ணீர் யார் பொறுப்பு? ஆதாமை ஏதேனில் வைத்தது “பண்படுத்தவும் காக்கவும்”. நாம் முதல் பாதியைப் புகைப்படத்தோடு முடித்துவிடுகிறோம். கோபுரம் கட்டுகிறவன் முன்னே செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று இயேசு சொன்னார் (லூக்கா 14:28), மரத்துக்கும் அந்தக் கணக்கு உண்டு. முதல் வறண்ட காலத்தில் ஒரு கன்றுக்கு ஒரு தடவை சுமார் 15 லிட்டர், வாரம் இரண்டு முறை. ஐம்பது கன்றுக்கு வாரம் 1,500 லிட்டர். அவ்வளவு தண்ணீரும் ஊற்ற ஆட்களும் இல்லையென்றால் பத்து நடுங்கள். தண்ணீர் வேண்டுமானால் கூரையைப் பாருங்கள். 200 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 2,000 லிட்டர். சிதறல், ஆவியாதல் போகச் சுமார் 1,600 தேறும். அதில் முதல் 200 லிட்டரைத் தூசியோடும் எச்சத்தோடும் வெளியே விட்டுவிட்டு மீதியைத் தொட்டிக்கு விடுங்கள். தொட்டி வாயில் வலை இல்லாவிட்டால் கொசு வரும், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும்.

தண்ணீர் ஊற்றியும் செத்த கன்றுகள் இருந்தால் ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஏதாவது ஒன்று தெரியும். பாலித்தீன் பை கிழியாமல் அப்படியே உள்ளே இருக்கும். அல்லது வேர்கள் பைக்குள் வட்டமாகச் சுற்றி வளர்ந்து, நட்டபின்னும் வெளியே போகாமல் சுற்றிக்கொண்டே இருந்திருக்கும். அப்படிச் சுற்றிய வேர்களை நடுமுன் பக்கவாட்டில் இரண்டு மூன்று இடங்களில் கத்தியால் கீறிவிடவேண்டும். மூன்றாவது, ஆழமாக நட்ட தவறு: தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்து மண்ணுக்குள் புதைந்தால் அங்கே பட்டை அழுகும். குழி வேர்க்கட்டியைவிட இரண்டு மடங்கு அகலமாக இருக்கட்டும், ஆழம் வேர்க்கட்டியின் உயரமே போதும். மேலே காய்ந்த இலைகளால் ஏழெட்டு சென்டிமீட்டர் மூடாக்கு போடுங்கள், தண்டைத் தொடாமல் ஒரு கையகலம் விட்டு. தண்டோடு குவித்தால் அதுவும் அழுகலில்தான் முடியும்.

லேவியராகமம் 19:23-25 கனிமரத்துக்கு ஒரு காலக்கணக்கு தருகிறது. முதல் மூன்று வருஷக் கனி விலக்கப்பட்டது, நான்காம் வருஷத்தது கர்த்தருக்குப் பரிசுத்தம், ஐந்தாம் வருஷம் புசிக்கலாம். உங்கள் கமிட்டித் தீர்மானமும் இப்படியே இருக்கட்டும்: ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு குடும்பம், மூன்று ஆண்டுப் பொறுப்பு. எத்தனை நட்டோம் என்று அறிக்கை வாசிக்கவேண்டாம், மூன்றாம் ஆண்டு எத்தனை நிற்கின்றன என்று வாசியுங்கள்.

காத்தல் என்றால் என்ன என்று காண எத்தியோப்பியாவின் வடபகுதியைப் பார்க்கலாம். சுற்றிலும் காடு வயலாகவும் மேய்ச்சல் நிலமாகவும் மாறிவிட்ட இடங்களில், ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களைச் சூழ்ந்த சிறு காடுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. ஆலயத்தைச் சேர்ந்த மரம் பரிசுத்தம் என்று தலைமுறைகளாக வெட்டாமல் விட்டதே காரணம். அங்கும் மாடுகள் நுழைந்து இளங்கன்றுகளை மேய்ந்து மிதித்தன, பெரிய மரங்களுக்குக் கீழே அடுத்த தலைமுறை எழவில்லை. பக்கத்து வயல்களில் பொறுக்கிய கற்களாலேயே சபையார் பல இடங்களில் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். சுவருக்குள் விதை தானே முளைத்தது. உங்கள் வளாகத்திலும் ஒரு மூலையைக் கூட்டாமல், வெட்டாமல், நடக்காமல் ஓராண்டு அடைத்துவையுங்கள்.

புதிதாக நடும் முடிவை அடுத்த மழைக்காலம் வரைக்கும் தள்ளிவையுங்கள். இந்த வாரம் அந்த எட்டுக் கன்றுகளிடம் போங்கள், மூப்பரையும் அழையுங்கள். வேர்க்கழுத்து தெரியும்வரை மண்ணை விலக்குங்கள். சுற்றி அரை மீட்டருக்குப் புல்லை எடுத்துவிடுங்கள், கன்றுக்கு ஊற்றும் தண்ணீரை முதலில் குடிப்பது அதுதான். முட்டுக்கம்பில் கட்டிய கயிறு தண்டை இறுக்கியிருந்தால் அவிழ்த்து, காற்றில் கொஞ்சம் ஆடும்படி தளர்த்திக் கட்டுங்கள். ஆடினால்தான் தண்டு தடிக்கும்.