வேப்பம்பூ கொட்ட ஆரம்பிச்சாச்சு! - வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல பூ, வடாம், பானை, மாம்பழம்னே இருக்கு. பங்குனி வந்தாச்சுன்னு காலண்டர் பாக்கவே வேண்டாம் போல, கேள்விய பாத்தாலே தெரிஞ்சிடுது. சரி, ஆரம்பிப்போம்.

அக்கா, ரீல்ஸ்ல ஜப்பான் செர்ரி பூ, காஷ்மீர் துலிப்னு பாத்து பாத்து ஏக்கமா இருக்கு. நம்ம ஊர்ல பனி போனா அடுத்த நாளே வெயில்தான. வசந்தம்னு ஒண்ணு நமக்கு இருக்கா இல்லையா?
- கல்லூரி மாணவி, திருச்சி

இருக்கு கண்ணு. தொல்காப்பியத்துலயே பொழுதுக் கணக்கு இருக்கு, அதுக்கு உரை எழுதினவங்க வருஷத்த ஆறு பொழுதா பிரிச்சு சொல்றாங்க, அதுல சித்திரையும் வைகாசியும் இளவேனில். வேனில்னாலே வெயில் காலம்தான், அதோட இளசு இது. அதனால குளுகுளுன்னு ஒரு வசந்தத்த நமக்கு யாரும் தரேன்னே சொல்லல, நாமதான் போட்டோவ பாத்துட்டு எங்க எங்கன்னு தேடுறோம். கணக்குப்படி மாசி பங்குனி பின்பனிதான், ஆனா மரத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா, மாசி கடைசியிலயே அது வேலைய ஆரம்பிச்சிடும்.

உன் காலேஜ் போற வழில புங்க மரம் இல்லாம இருக்காது, அத பாத்திருக்கியா? இல சும்மா கொட்டி கொட்டி மொட்டையா நிக்கும், அடுத்த வாரம் பாத்தா எலுமிச்ச நிறத்துல புது இல, காலைல வெயில் பின்னாலேருந்து பட்டுச்சுன்னா மரமே உள்ள விளக்கு போட்ட மாதிரி இருக்கும். அப்புறம் கீழ பூ கொட்டிக் கெடக்கும், பொரி சிந்தின மாதிரி, இது என் கற்பனை இல்ல, சங்கப் பாட்டு எழுதினவங்களும் புங்கம்பூவ பொரின்னுதான் சொன்னாங்க. வேப்பம்பூ வாசன ராத்திரி ஆனா தெருவே தூக்கும். சித்திரைல சரக்கொன்றை சரம் சரமா தொங்கும், அதுக்கு கீழ நின்னு யாராவது ரீல்ஸ் எடுத்தா செர்ரி பூவாவது ஒண்ணாவது.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, நம்ம வசந்தம் நாள் முழுக்க இருக்காது. காலைல அஞ்சரைலேருந்து எட்டு வரைக்கும் இருக்கும், அப்புறம் எங்கயோ போயிடும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல திரும்பி வரும். நீ எட்டரைக்கு எந்திரிச்சு ஜன்னல தொறந்து வசந்தம் எங்கன்னு கேட்டா அது என்ன பண்ணும் சொல்லு!

எங்க அபார்ட்மெண்ட் வாசல்ல பெரிய வேப்ப மரம் இருக்கு. தினம் பூவ பெருக்கித் தள்றாங்க, பாக்கவே மனசு வலிக்குது. எப்படி எடுத்து வைக்கிறது?
- வாசகி, சென்னை குரோம்பேட்டை

பெருக்கித் தள்றாங்களா! பாட்டில் பாட்டிலா கடைல என்ன விலைக்கு விக்கிறான்னு அந்த செக்ரட்டரிகிட்ட சொல்லுங்க முதல்ல.

ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி மரத்தடில பழைய வேட்டியோ பெட்ஷீட்டோ விரிச்சு நாலு மூலைலயும் கல்ல வச்சிடுங்க. காலைல வாட்ச்மேன் தொடப்பத்தோட வர்றதுக்குள்ள போய் சுருட்டிட்டு வந்துடணும், அங்கதான் போட்டியே. காம்பு, இல, எறும்பு எல்லாம் போக முறத்துல பொடைச்சு ரெண்டு மூணு நாள் வெயில்ல காய வச்சா மொறுமொறுன்னு ஆயிடும், ஈரம் இல்லாத பாட்டில்ல போட்டா அடுத்த பங்குனி வரைக்கும் வரும். காஞ்சதும் ரொம்ப கொஞ்சமாத்தான் இருக்கும், மனசு ஒடஞ்சு போயிடாதீங்க, ரசத்துக்கு ஒரு ஸ்பூன் போதும்.

ரசம் வைக்கிறப்ப எல்லாரும் பண்ற தப்பு, பூவ போட்டு கொதிக்க விடறது. கூடவே கூடாது, கசப்பு மொத்தமும் எறங்கிடும். புளித் தண்ணிய மொளகா, தொவரம்பருப்பு, பெருங்காயம் தாளிச்சு கொதிக்க வச்சு, கொஞ்சூண்டு வெல்லம் போட்டு எறக்கிட்டு, கடைசில நெய்ல பூவ கருஞ்செவப்பா வறுத்து மேல கொட்டி மூடிடுங்க. சாப்பிடுறப்பதான் தொறக்கணும். ஏப்ரல் 14 சித்திரை ஒண்ணாந்தேதி பச்சடிக்கு மட்டும் காஞ்ச பூ வேண்டாம், அன்னைக்கு காலைல விழுந்த பூவையே எடுங்க, மாங்காயும் வெல்லமும் சேந்து கொதிக்கிறப்ப வர்ற வாசனைக்கு கூட நாலு பேர் அடுப்படிக்கு வந்துடுவாங்க.

தினம் காலைல 4 மணிக்கு ஒரு குயில் எங்க பெட்ரூம் ஜன்னல்கிட்ட உக்காந்து கத்துது சார். நிறுத்த வழி உண்டா?
- தூக்கமில்லாதவர், ஈரோடு

சார் இல்ல, அக்கா. நிறுத்த வழி இல்லீங்க. கத்துறது ஆம்பள குயில், கரேல்னு இருக்கும், கண்ணு மட்டும் செவப்பு. ஜோடி தேடுற காலம், அதான் இந்த சத்தம். பொம்பள குயில் பழுப்பு நெறத்துல புள்ளி புள்ளியா இருக்கும், அது காக்கா கூட்டுல முட்டைய போட்டுட்டு ஜாலியா சுத்தும், காக்கா பாவம் குஞ்சுக்கு ஊட்டிட்டு திரியும். ஆடி வாக்குல எல்லாம் அடங்கிடும். அதுவரைக்கும் நாலு மணிக்கு எந்திரிச்சு காபி போட்டு வீட்டம்மாவுக்கு ஒரு டம்ளர் குடுத்துப் பாருங்க, குயில விட பெரிய ஆச்சரியம் அவங்களுக்கு அதுதான்.

மாமியார் இந்த வருஷமும் வடாம் போட ஊருக்கு வான்னு கூப்பிடுறாங்க. கடைல பாக்கெட் பாக்கெட்டா கிடைக்குது, எதுக்குக்கா இந்த வெயில்ல மாடியேறி சாகணும்?
- ஐடி வேலை பாக்கும் மருமகள், சென்னை

உங்க கேள்வி நியாயம்தான்மா, கணக்கு போட்டா கட்டுப்படியாகாது. ஆனா வடாம் போடுறது பொரிச்சு சாப்பிடுறதுக்குன்னு நெனச்சுட்டீங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. பொரிக்கிறது கடைசி லாபம். முதல் லாபம் கூழு. அஞ்சு மணிக்கு அரிசி மாவ கிண்டி பச்ச மொளகா, சீரகம், பெருங்காயம் போட்டு எறக்கினதும் சூடா ஒரு கரண்டி கிண்ணத்துல வாங்கி நல்லெண்ண ஊத்தி சாப்பிடணும். அதுக்காகவே எங்க வீட்ல கூழு கொஞ்சம் கூடவே கிண்டுவோம், வடாம் கொஞ்சம் கொறஞ்சுதான் வரும், யாரும் கேக்க மாட்டாங்க.

அடுத்தது ரெண்டாம் நாள் சாயங்காலம். மேல காஞ்சும் உள்ள காயாமலும் இருக்குற வடாம், ரப்பர் மாதிரி இழுத்துட்டு வரும், உப்பும் காரமும் ஏறி ஒரு ருசி, இத எந்தக் கடையும் பாக்கெட் போட முடியாது. எங்க சின்ன வயசுல காக்கா வெரட்டுற டூட்டி புள்ளைங்களுக்கு, கருப்பு கொடைய விரிச்சு வச்சுட்டு நிழல்ல உக்காந்து ஆளுக்கு நாலு நாலா பிச்சு தின்னுட்டு பழிய காக்கா மேல போட்டுடுவோம். பாட்டிக்கு தெரியும். தெரிஞ்சே தான் எங்கள உக்கார வச்சாங்கன்னு எனக்கு நாப்பது வயசுக்கு மேலதான் புரிஞ்சுது.

ஆறரைக்குள்ள பிழிய ஆரம்பிச்சிடுங்க, ஒம்போதுக்கு மேல தரை காலு வைக்க விடாது. வானத்தையும் ஒரு கண்ணு பாத்துக்கோங்க, நான் ஒரு தடவ நாலு படி அரிசி வடாத்த போட்டுட்டு கீழ வந்து அசந்து தூங்கிட்டேன், கோடை மழை பத்தே நிமிஷம்தான் பேஞ்சுது, மாடில மறுபடியும் கூழ்தான் இருந்துச்சு. போய்ட்டு வாங்க. மாமியார் கூப்பிடுறது கைக்கு ஆள் வேணும்னு மட்டும் இருக்காது.

புது மண் பானை வாங்கினேன். தண்ணி ஜில்லுன்னே ஆக மாட்டேங்குது. ஏமாத்திட்டாங்களா?
- வாசகர், சென்னை

பானைய குத்தம் சொல்றதுக்கு முன்னாடி அத எங்க வச்சிருக்கீங்கன்னு சொல்லுங்க. பானைல கண்ணுக்கு தெரியாத ஓட்ட ஆயிரம் இருக்கு, அது வழியா தண்ணி கசிஞ்சு வெளிப்பக்கம் ஆவியாகும், ஆவியாகுறப்ப உள்ள இருக்குற சூட்ட எடுத்துட்டு போகும், இவ்வளவுதான் விஷயம். அதனால காத்து ஓடணும், அதுவும் காஞ்ச காத்தா இருக்கணும். நீங்க சிங்குக்கு பக்கத்துல மூலைல சொருகி வச்சா அது பாவம் எங்க ஆவியாகும். சென்னைல கடல் காத்து ஏற்கனவே ஈரம், அதனால எங்க திருச்சில ஆகுற ஜில்லு அங்க ஆகாது, அது உங்க பானையோட தப்பு இல்ல. ஜன்னலோரமா ஈர மணல் மேல வச்சு சுத்தி ஈரத் துணி கட்டிப் பாருங்க. வெளிய பளபளன்னு பெயிண்ட் அடிச்ச பானைனா ஒண்ணும் பண்ண முடியாது, ஓட்டையெல்லாம் அடைஞ்சிருக்கும், செடி வச்சிடுங்க. சோப்பு போட்டு கழுவவே கூடாது, தேங்கா நார் போதும். வெட்டிவேர ஒரு கைப்பிடி கழுவி துணில முடிஞ்சு உள்ள போடுங்க, ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா மாத்திடுங்க. முதல் டம்ளர் குடிக்கிறப்ப வர்ற அந்த மண் வாசனைக்கு ஃபிரிட்ஜ் எல்லாம் கிட்ட நிக்க முடியாது.

பெங்களூர்லேருந்து பசங்களோட பத்து நாள் திருச்சி வர்றோம். மால், தீம் பார்க் எல்லாம் இங்கயே பாத்தாச்சு. செலவில்லாம ஊர ரசிக்க என்ன பண்ணலாம்?
- வாசகி, பெங்களூர்

எந்த பத்து நாள்னு எழுதாம விட்டுட்டீங்களே! மாசி கடைசி ஞாயிறு வந்தா சமயபுரம் பூச்சொரிதல் ஆரம்பம். திருச்சி பூராவும் பூத்தட்டு தூக்கிட்டு ராத்திரி நடந்து போவாங்க, ரோடே மல்லி வாசனையா இருக்கும், பசங்க முழிச்சிருந்தா கட்டாயம் காட்டுங்க. அன்னைலேருந்து 28 நாள் அம்மனுக்கே விரதம், பச்சைப் பட்டினி விரதம்னு பேரு. ஊர்ல எல்லா எடத்துலயும் பக்தர்தான் சாமிக்காக விரதம் இருப்பாங்க, இங்க ஆத்தா நமக்காக பட்டினி கெடக்குறா. சமைச்ச தளிகை கிடையாது, துள்ளுமாவு (பச்சரிசி மாவுல வெல்லம் கலந்தது), நீர்மோர், பானகம், இளநீர், இதான். வெயில் ஏறுற மாசத்துல வயித்துக்கு என்ன ஒத்துக்கும்னு அவளுக்கு தெரிஞ்சிருக்கு பாருங்க. சித்திரைல வந்தா சமயபுரத்துலயும் ஸ்ரீரங்கத்துலயும் தேர், வழி நெடுக தண்ணிப் பந்தல், பசங்கள நீர்மோர் பந்தலுக்கு பந்தல் ருசி பாத்து மார்க் போட சொல்லுங்க, இஞ்சி போட்டது எது தண்ணி ஊத்தினது எதுன்னு ஒரே நாள்ல கத்துக்கும்ங்க.

திருவிழா இல்லாத நாள்லயும் பஞ்சமில்ல. காலைல காந்தி மார்க்கெட் போங்க, ஒண்ணும் வாங்காட்டியும் பரவால்ல, மாவடு குமிஞ்சு கெடக்குற எடத்துல நின்னாலே வாய் ஊறும். சாயங்காலம் காவிரிப் பாலம். ஆத்துல அப்ப தண்ணி இருக்காது, மணலா கெடக்கும், ஆனா ஆறரை மணிக்கு அந்த மணல் மேல தவழ்ந்து வர்ற காத்துக்கு ஊரே வந்து நிக்கும், அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் கோபுரம், இந்தப் பக்கம் மலைக்கோட்டைல விளக்கு. ரோட்டோரம் நுங்கு வெட்டுறவர்கிட்ட எளசா பாத்து கேளுங்க, வெரல விட்டு நோண்டி அப்படியே உறிஞ்சணும், ஸ்பூன் கேட்டீங்கன்னா ஊர் மானம் போயிடும். சாப்பிட்ட கூந்தலையும் (நுங்க எடுத்ததும் மிஞ்சுற வெளி மட்டை) விட்டுட்டு வராதீங்க, ரெண்டு கூந்தலுக்கு நடுவுல குச்சிய சொருகி இன்னொரு கவைக் குச்சியால தள்ளினா நுங்கு வண்டி, பத்து நாளும் போன் பக்கமே திரும்ப மாட்டாங்க. சரி, முதல் ரெண்டு நாளாவது.

நிழலே விழாத நாள்னு ஒண்ணு இருக்காமே, நெஜமா ஆன்ட்டி?
- ஆறாம் வகுப்பு மாணவன், சென்னை

நெஜம்தான் செல்லம். சூரியன் நேரா தலைக்கு மேல வர்ற நாள் வருஷத்துல ரெண்டு தடவ வரும், உங்க சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்குல ஒண்ணு, ஆகஸ்ட்ல இன்னொண்ணு. மொட்டை மாடில ஒரு டம்ளர கவுத்து வச்சு 12 மணி தாண்டி ஏழெட்டு நிமிஷத்துல பாரு, நிழல் அதுக்கு அடியிலயே ஒளிஞ்சிக்கும். செருப்பு போட்டுட்டு போ!

இமாம் பசந்த் இப்பவே வண்டில வந்துடுச்சே, வாங்கலாமா?
- மாம்பழப் பிரியர், ஸ்ரீரங்கம்

மாம்பழச் சாலைக்கு பக்கத்துலயே இருந்துட்டு இத என்கிட்ட கேக்குறீங்களே அண்ணே. வேண்டாம். பங்குனில வர்றது அவசரப்பட்டு பறிச்சது, கார்பைடு கல்லு வச்சு பழுக்க வைக்கிறதுக்கு தடை இருக்கு, ஆனாலும் சீசனுக்கு முந்தி வர்றத நம்ப முடியாது. இமாம் பசந்த் நல்லா பழுத்தாலும் தோலு பச்சையாத்தான் இருக்கும், மஞ்சளா மினுமினுன்னு இருந்தாலே எனக்கு சந்தேகம் வந்துடும். காம்புகிட்ட மோந்து பாருங்க, வாசன வரலன்னா நகருங்க. மே பாதிக்கு மேல வாங்கி அரிசி மூட்டைக்குள்ள பொதச்சு வைங்க, தினம் ஒரு தடவ கைய விட்டு அமுக்கிப் பாக்குற சுகத்த விட்டுடாதீங்க. அதுவரைக்கும் கிளிமூக்கு மாங்காய கீறி உப்பும் மொளகாப் பொடியும் தொட்டுக்கிட்டு இருங்க, பல்லு கூசுற வரைக்கும்.