10-க்கு 12 அடி அறைக்கு 10 லிட்டர் பெயிண்ட் தேவையா?

அறையின் உயரம் 10 அடி, ஒரு கதவு, இரண்டு சன்னல், கதவில்லாத சிமெண்ட் அலமாரி ஒன்று, பழைய எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) மேல் அதே போன்ற வெளிர் நிறம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெயிண்டர் 10 லிட்டர் கேட்கிறார். உங்கள் சுவருக்கு 4 லிட்டர் போதும். கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு அவரிடம் பேசுங்கள்.

நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவு 3-க்கு 7 என்றால் 21, சன்னல்கள் 4-க்கு 4 என்றால் இரண்டும் சேர்ந்து 32. இந்த 53-ஐக் கழித்தால் 387. பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். அலமாரியை மறந்துவிடுகிறார்கள்! 4 அடி அகலம், 7 அடி உயரம், ஒன்றரை அடி ஆழம், நான்கு தட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தட்டுக்கும் மேலும் கீழும் பெயிண்ட் அடிக்க வேண்டும்; அதுவே 48 சதுர அடி. பக்கச் சுவர்கள் இரண்டுக்கும் 21. ஆக 69 கூடுகிறது. கதவுக்கும் சன்னலுக்கும் கழித்ததைவிட இது அதிகம். அனுபவமுள்ள பெயிண்டர்கள் கதவு, சன்னலைக் கழிக்காமல் கணக்குச் சொல்வதைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அலமாரியும் பரணும் உள்ள வீடுகளில் அவர்கள் சொல்வதுதான் சரியாக வருகிறது.

மொத்தம் 456 சதுர அடி. பட்டி (சுவரை நிரவும் மாவு) பார்த்து வழவழப்பாக இருக்கும் உட்சுவரில் ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டிங்குக்கு ஏறக்குறைய 120 சதுர அடி வரும். 456-ஐ 120-ஆல் வகுத்தால் 3.8. மேல்தளம் 120 சதுர அடி. அதற்கு வெள்ளை 1 லிட்டர் தனியாக வாங்குங்கள்.

இந்த 120 என்ற எண்ணைத்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். டேப் பிடித்து அளப்பதில் பெரிய பிழை வராது. சுவர் எவ்வளவு குடிக்கும் என்பதில்தான் கணக்கு கவிழும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்கு நானே கணக்குப் போட்டேன். 60 அடி நீளம், 5 அடி உயரம், இரு பக்கமும் சேர்த்து 600 சதுர அடி. உட்சுவர்க் கணக்கையே எடுத்துக்கொண்டு 5 லிட்டர் வாங்கினேன். பட்டி இல்லாத, சொரசொரப்பான சிமெண்ட் பூச்சு, பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரும் அடிக்கவில்லை. கடைசியில் 11 லிட்டர் பிடித்தது. மறுபடி வாங்கி வந்த டப்பாவின் நிறம் ஒரு சாயல் மாறியிருந்தது. மாலை வெயில் சாய்வாகப் படும்போது சுவரின் நடுவில் அந்தக் கோடு இன்றும் தெரிகிறது. எனக்கு அது இன்னும் வருத்தம்தான். அதனால் ஒரே நிறத்தில் இரண்டு டப்பா வாங்க நேர்ந்தால், அடிக்கத் தொடங்கும் முன்பே இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிடுங்கள். நிறக் குறியீட்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

சுவரைச் சோதிக்க எளிய வழி உண்டு. கையால் தண்ணீரைத் தெளியுங்கள். வழிந்து ஓடினால் நல்லது. உடனே உறிஞ்சிக் கருத்துப்போனால் பிரைமர் கட்டாயம். உள்ளங்கையால் தேய்க்கும்போது வெள்ளைப் பொடி ஒட்டினால் அடியில் சுண்ணாம்போ பழைய டிஸ்டம்பரோ இருக்கிறது. அதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் எத்தனை லிட்டர் அடித்தாலும் உரிந்துவிடும். அடர்ந்த நிறத்தின் மேல் வெளிர் நிறம் அடிப்பதானால் மூன்றாவது கோட்டிங்குக்கும் சேர்த்து வாங்க வேண்டும்.

“தண்ணீர் கூட்டினால் இன்னும் அதிகம் வரும்” என்று சிலர் சொல்வதை ஏற்காதீர்கள். ஒரு லிட்டரை 10 சதுர மீட்டரில், அதாவது சுமார் 108 சதுர அடியில் பரப்பினால் ஈரப் படலத்தின் கனம் வெறும் 0.1 மில்லிமீட்டர். தண்ணீர் ஆவியானபின் மிஞ்சுவது அதிலும் ஒரு பகுதிதான். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் கலந்தால் பரப்பு கூடும், சுவரில் நிற்கும் பெயிண்ட் கூடாது.

கதவுக்கு எனாமல் அடிப்பதாக இருந்தால் அதன் கணக்கு வேறு. பேனல் கதவில் மேடு பள்ளம் இருப்பதால் அரசுக் கட்டட மதிப்பீடுகளில் ஒரு பக்கப் பரப்பை 1.3-ஆல் பெருக்குவார்கள். உங்கள் 21 சதுர அடிக் கதவு இரு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ 55 சதுர அடி ஆகிவிடும்.

பெயிண்டரிடம் 10 லிட்டர் எந்தக் கணக்கில் வந்தது என்று கேளுங்கள். பக்கத்து அறையையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், அல்லது உங்கள் சுவரில் நீங்கள் கவனிக்காத பொடியை அவர் கவனித்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் 4 லிட்டர் டப்பா ஒன்றை வாங்கித் தொடங்கச் சொல்லுங்கள். முதல் கோட்டிங் முடியும்போது டப்பாவில் பாதியாவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் அந்த நிறத்தில் இன்னும் 1 லிட்டர் வாங்கி, மிச்சத்தோடு கலந்தபின் இரண்டாவது கோட்டிங்கைத் தொடங்கலாம்.