சளிக் காய்ச்சல் போனது, பிரஷர் இறங்கவில்லை: கேள்வி பதில்

நான் பொது மருத்துவர். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் பிரஷர் உள்ளவர்கள்தான். கோவிட், ஃப்ளூ வந்துபோன பிறகு பிபி ஏறுவது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் கேட்காதீர்கள். நேரில் பார்க்காமல் அதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: வயது 44. கோவிடுக்கு முன்பு எப்போதும் 120/80 தான். குணமாகி நாலு மாதம் ஆகிறது. வீட்டில் தினமும் பார்க்கிறேன், 150/95க்குக் கீழே வரவே இல்லை. வைரஸ்தான் காரணமா டாக்டர்?

பதில்: இருக்கலாம். கோவிட் வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி ஏசிஇ2 என்ற புரதம். ரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளைச் சிதைத்து, குழாயைத் தளர்த்தும் பொருளாக மாற்றுவதுதான் அந்தப் புரதத்தின் வழக்கமான வேலை. வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டால் அந்த வேலை குறைகிறது. சுருக்கும் பொருள் மிஞ்சுகிறது, குழாய் இறுகுகிறது, சிறுநீரகமும் உப்பைப் பிடித்து வைக்கிறது. குழாயின் உட்சுவரில் ஏற்படும் அழற்சியும் இதோடு சேர்ந்துகொள்ளும் என்று கருதப்படுகிறது.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு 2023இல் வெளியானது. முன்பு பிரஷரே இல்லாத, கோவிட் வந்த 45,398 பேரின் பதிவுகளை அதில் பார்த்தார்கள். சுமார் ஆறு மாதக் கண்காணிப்பில், மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 21 சதவீதம் பேருக்கும், சேராதவர்களில் 11 சதவீதம் பேருக்கும் புதிதாக பிரஷர் வந்து நிலைத்திருந்தது. ஃப்ளூ வந்தவர்களில் இதே கணக்கு 16, 4 சதவீதம்.

உங்கள் எண்கள் மாதக்கணக்கில் அப்படியே இருப்பதால், தானாக இறங்கும் என்று இனியும் காத்திருக்க வேண்டாம். அளவுகளை எழுதிய தாளோடு மருத்துவரிடம் போங்கள். சிறுநீர், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), பொட்டாசியம், சர்க்கரை, ஈசிஜி பார்க்கச் சொல்வார். காய்ச்சலின்போது ஸ்டீராய்டு எடுத்திருந்தால் எத்தனை நாள் என்று மறக்காமல் சொல்லுங்கள். அதுவும் பிபியை ஏற்றும், நிறுத்திய பிறகு மெல்ல இறங்கும்.

கேள்வி: ஃப்ளூ வந்து பத்து நாள் ஆகிறது. இப்போதுதான் பார்த்தேன், 158/96. பயமாக இருக்கிறது. இன்றே மாத்திரை ஆரம்பிக்கவா?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு பிரஷர் என்று முடிவு செய்யக் கூடாது.

போன மாதம் ஒரு பெண்மணி 168/100 என்று பதறிக்கொண்டு வந்தார். வீட்டில் எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே செய்து காட்டுங்கள் என்றேன். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றினார், அதுவும் பாதிச் சுற்றிலேயே இழுத்துப் பிடித்தது. கால்மேல் கால். கை மடியில் தொங்கியது. கருவி ஓடும்போதே என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் பட, ஐந்து நிமிடம் சும்மா உட்காரவைத்தேன். அவர் கைக்கேற்ற பெரிய பட்டையை வெறும் கையில் சுற்றி, கையை மேஜையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்துப் பார்த்தேன். 136/84.

நீங்களும் இதேபோல் காலையில் இரண்டு, இரவில் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் இடைவெளி விட்டு ஏழு நாள் எடுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரைப் பாருங்கள். காபி, சிகரெட் எல்லாம் அரை மணி நேரத்துக்கு முன்பே நின்றிருக்க வேண்டும். உங்கள் பட்டை கைக்குச் சிறியதா என்று பாருங்கள். பட்டை சிறியதாக இருந்தால், இல்லாத பிரஷரை இருப்பதாகக் காட்டும்.

கேள்வி: பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூக்கடைப்புக்கு மருந்துக் கடையில் கொடுத்ததை எடுக்கலாமா?

பதில்: அட்டையின் பின்பக்கம் பாருங்கள். சூடோஎஃபெட்ரின், ஃபினைலெஃப்ரின் என்று இருந்தால் வேண்டாம். அவை மூக்கின் ரத்தக் குழாயை மட்டும் சுருக்கி நிற்பதில்லை, மற்ற குழாய்களையும் சுருக்கிப் பிபியை ஏற்றும். உடம்புவலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்கும் கூடாது, உப்பைத் தேக்கும். தண்ணீரில் பொங்கும் பாராசிட்டமாலில் சோடியம் அதிகம், சாதாரண மாத்திரையே போதும். மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு. காய்ச்சலுக்குப் பிறகு ஏறிய பிரஷர் பலருக்கு இந்தக் கடை மருந்துகளை நிறுத்தியதுமே இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஏசிஇ2 வழியாகத்தான் வைரஸ் நுழைகிறது என்றீர்கள். பிரஷருக்கு டெல்மிசார்ட்டான் மாத்திரை சாப்பிடுபவர்கள் காய்ச்சல் வந்தால் நிறுத்த வேண்டாமா?

பதில்: நிறுத்தக் கூடாது. இந்த வகை மாத்திரை ஏசிஇ2ஐக் கூட்டி வைரஸுக்கு வழி விடுமோ என்ற பயம் 2020இல் எங்களுக்கும் இருந்தது. பிரேசிலில் மருத்துவமனையில் சேர்ந்த 659 கோவிட் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு இந்த வகை மாத்திரையை 30 நாள் நிறுத்தினார்கள், மற்றவர்களுக்குத் தொடர்ந்தார்கள். நிறுத்தியதால் ஒரு லாபமும் இல்லை என்று 2021 ஜனவரியில் முடிவு வந்தது. வாந்தி, பேதியால் உடம்பு வற்றிப்போனால் அது வேறு கதை. அப்போது மருத்துவர் சில நாள் நிறுத்தச் சொல்லலாம். அதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஃப்ளூ போய் இரண்டு மாதம் ஆகியும் வறட்டு இருமல் நிற்கவில்லை. பிரஷருக்கு ரேமிப்ரில் ஓடுகிறது.

பதில்: ரேமிப்ரிலே காரணமாக இருக்கலாம். மாற்று மருந்து உண்டு, எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எனக்குப் பிபி நார்மல். ஆனால் கோவிடுக்குப் பிறகு எழுந்து நின்றாலே படபடப்பு, தலைசுற்றல்.

பதில்: ஐந்து நிமிடம் படுத்தபின் நாடித்துடிப்பை எண்ணுங்கள். எழுந்து நின்று பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30க்கு மேல் கூடி அப்படியே நின்றால், பிபியும் விழாமல் இருந்தால், பாட்ஸ் என்ற கோளாறாக இருக்கலாம். இதய மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

கேள்வி: நான் புள்ளியியல் படித்தவன். அந்த பிராங்க்ஸ் கணக்கை நம்ப முடியவில்லை. மருத்துவமனைக்குத் திரும்பி வந்தவர்களைத்தானே எண்ணியிருப்பார்கள்? உடம்பு முடியாதவர்தான் திரும்பி வருவார். தேடினார்கள், கிடைத்தது.

பதில்: நியாயமான கேள்வி. யாருக்கும் தெரியாமல் இருந்த பழைய பிரஷர் கோவிட் சமயத்தில் வெளிப்பட்டது என்பது கொஞ்சப் பேருக்கு நிச்சயம் பொருந்தும். ஆனால் ஃப்ளூ வந்தவர்களும் அதே மருத்துவமனைப் பதிவுகளில் இருந்தவர்கள்தான். தேடியதால் மட்டும் கிடைத்தது என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்திருக்க வேண்டுமே?

அவரே: ஃப்ளூ பதிவுகளில் கோவிட் பெருந்தொற்றுக்கு முந்தைய ஆண்டுகளும் உண்டு. கோவிட் காலத்தில் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். எடை கூடியது, நடை குறைந்தது, தூக்கம் போனது. பிரஷர் அதனால் ஏறியிருக்கலாமே?

பதில்: ஒத்துக்கொள்கிறேன். இதை முழுவதும் பிரித்தெடுக்க இந்த வகை ஆய்வால் முடியாது. நோய் கடுமையானவர்களுக்கு அதிகம் ஏறியதை வைரஸுக்குச் சாட்சியாகச் சொல்லலாம். ஆனால் ஸ்டீராய்டு கிடைத்ததும் அவர்களுக்குத்தான். வைரஸுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கருத்து, அது எத்தனை பங்கு என்று அளந்து சொல்ல மாட்டேன்.

இன்னொருவர்: காரணம் எதுவானால் என்ன சார், மாத்திரை ஒன்றுதானே?

பதில்: அப்படி விட்டுவிடக் கூடாது. ஸ்டீராய்டோ வலி மாத்திரையோ காரணமென்றால், அது போனபின் பிரஷர் மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். சிறுநீரகம் காரணமென்றால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். எடை என்றால் நடக்க வைக்க வேண்டும். ஆனால் காரணம் தெரியட்டும் என்று 150/95ஐ வருடக்கணக்கில் சுமக்கவும் கூடாது. இந்த விவாதத்தை இங்கே நிறுத்திக்கொள்வோம், பலர் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: நேற்று ஒரு தடவை 146 காட்டியது. பிரஷரா?

பதில்: ஏழு நாள் எடுங்கள். மேலே விவரமாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கோவிடுக்குப் பிறகு மாத்திரை ஆரம்பித்தார்கள். இப்போது 124/78. சரியாகிவிட்டது, நிறுத்தலாமா?

பதில்: 124 என்று காட்டுவது மாத்திரை வேலை செய்வதால். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: எனக்கும் நார்மலாகிவிட்டது, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டால் போதுமா?

பதில்: போதாது. இதே கேள்வி மூன்றாவது முறை வந்தாலும் இதே பதில்தான். திடீரென்று நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் கடுமையாகச் சொல்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 190/120. நெஞ்சை அடைக்கிறது என்கிறார். என்ன கொடுக்கலாம்?

பதில்: எதுவும் கொடுக்காதீர்கள். இப்போதே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பு, வாய் கோணல், பார்வை மங்கல் இருந்தாலும் இதேதான்.

158/96 சொன்னவர்: டாக்டர், நீங்கள் சொன்னபடி உட்கார்ந்து பார்த்தேன். 142, 138. பட்டை சிறியதுதான், மகன் பெரியது வாங்கிவரப் போயிருக்கிறான்.

பதில்: நல்லது அம்மா. இரண்டையும் எழுதி வையுங்கள், இது முதல் நாள் கணக்கு. நாளைக் காலை எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால் மறுபடி பாருங்கள்.